ஆம்பூர்க் கடிகாரமும் மூன்று துடிப்பு வித்தியாசமும்

போன தை மாதம் இந்தப் பத்திரிகையில் என்னிடமுள்ள மூன்று குரோனோகிராப் கடிகாரங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்கு ஒரு வரி. குரோனோகிராப் மற்றக் கடிகாரங்களைப் போல மணி காட்டும். அதோடு, பொத்தானை அழுத்தினால் நடுவிலிருக்கும் நீள முள் கிளம்பி நொடிகளை எண்ணும். இரண்டாம் அழுத்தில் நிற்கும். மூன்றாம் அழுத்தில் பன்னிரண்டுக்குத் திரும்பும். அவ்வளவுதான்.

கட்டுரைக்கு மூன்று கடிதங்கள் வந்தன. இரண்டு பேர் விலை கேட்டிருந்தார்கள். மூன்றாவது கடிதம் ஆம்பூரிலிருந்து. எழுதியவர் பெயர் ஏழுமலை, அங்கே ஒரு தோல் ஷாப்பில் டைம் கீப்பர். தோல் பதனிடும் இடத்தை அந்தப் பக்கத்தில் ஷாப்பு என்றுதான் சொல்கிறார்கள். ஷாப்பில் முன்பு ரசாயன வேலை பார்த்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது தன் கடிகாரத்தை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். அதில் நொடி முள் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு, ஒன்றை நிறுத்திப் படிக்கும்போது மற்றது ஓடிக்கொண்டே இருக்கும். இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரட்டை முள் கடிகாரத்தை நான் கடை ஜன்னலில் பார்த்ததோடு சரி.

கடிதத்தின் பின்பாதி இது: "எங்கள் ஊர் மாடு விடும் திருவிழாவில் ஐந்து வருஷமாக நேரம் பிடிப்பது நான். போன வருஷத்திலிருந்து என் கடிகாரம் பொய் சொல்வதாக ஒருவர் சொல்லி வருகிறார். தாங்கள் வந்து தங்கள் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். பொய் என்றால் தாங்களே எடுத்துப் போகலாம், கொடுப்பதை வாங்கிக்கொள்வேன். பொய் சொல்லும் கடிகாரம் எனக்கு வேண்டாம்."

நான் போனது அந்தக் கடைசி இரண்டு வரிக்காகத்தான். நடுநிலையான பரிசோதகன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

மாசி மாதம், வெள்ளிக்கிழமை காலை ஆறு இருபதுக்குச் சென்னையில் ரயில். ஆம்பூர் நூற்றுப்பதின்மூன்று மைல். மூன்றாம் வகுப்புக்கு இரண்டு ரூபாய் ஓர் அணா. அரக்கோணத்துக்கு எட்டு மணிக்கு வர வேண்டிய வண்டி எட்டு பதினான்குக்கு வந்தது. அங்கே இட்லி பரவாயில்லை, காப்பி வேண்டாம். அரக்கோணம் தாண்டியதும் என் கடிகாரத்தை எடுத்து, ஒரு மைல் கல்லிலிருந்து அடுத்த மைல் கல் வரை நேரம் எடுத்தேன். ஒரு நிமிஷம் முப்பத்தெட்டு நொடி. அதாவது மணிக்கு முப்பத்தாறே முக்கால் மைல். வாலாஜா ரோட்டில் ஏறிய ஒரு தோல் வியாபாரி நான் நான்கு தடவை இப்படிச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரம் என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். "வண்டி லேட்டுன்னு தெரிஞ்சிக்க இவ்ளோ செலவா?" என்றார். பிறகு காட்பாடி வரை தூங்கினார்.

ஆம்பூரில் இறங்கியபோது பதினொன்று நாற்பத்திரண்டு. பதினேழு நிமிஷம் தாமதம். கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட மாட்டீர்கள். சுண்ணாம்பு, ஆவாரம் பட்டை, ஊறின தோல் மூன்றும் கலந்த வாசனை பிளாட்பாரத்துக்கே வந்து அழைத்துப் போகும். அரை மணியில் பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு இரண்டு நாளாயிற்று. ஸ்டேஷனிலிருந்து ஷாப்புக்கு ஜட்கா இரண்டு அணா. மூன்று கேட்டான். குதிரையின் வேகத்துக்கு இரண்டே அதிகம்.

ஏழுமலைக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி, வெள்ளைச் சட்டை, காதில் ஒரு பென்சில். சுண்ணாம்புத் தொட்டியில் எந்தத் தோல் எத்தனை மணிக்கு இறங்கியது, எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்று எழுதிவைப்பது அவர் வேலை. "சார், நீங்க இவ்ளோ சின்னவரா இருப்பீங்கன்னு நெனைக்கல" என்றார் முதல் வார்த்தையாக. கடிகாரத்தைக் காட்டுங்கள் என்றேன்.

பிஸ்கட் டின்னுக்குள் ஆட்டுத்தோல் பை, பைக்குள் கடிகாரம். வெள்ளி மூடி கறுத்து இரும்புச் சட்டி மாதிரி இருந்தது. தோலில் முடி கழிவதற்குச் சுண்ணாம்போடு கந்தகச் சரக்கு சேர்க்கிறார்கள். அந்த ஆவி வெள்ளியைச் சும்மா விடாது. பையும் டின்னும் இல்லாவிட்டால் உள்ளேயும் போயிருக்கும். பின்மூடியைத் திறந்தேன். புளி போட்டுத் தேய்த்த பித்தளை மாதிரி சக்கரங்கள். முள்ளை ஓட்டவும் நிறுத்தவும், கோட்டை மதில்போல் பல் நிற்கிற சிறு சக்கரம் ஒன்று இருக்கும். மலிவுக் கடிகாரங்களில் அதற்குப் பதில் ஒரு தகட்டை வைத்துச் சமாளிப்பார்கள். என்னுடையதில் அந்தச் சக்கரம் ஒன்று. இதில் இரண்டு, ஒரு முள்ளுக்கு ஒன்று. எஃகுத் துண்டுகளின் ஓரமெல்லாம் சரிவாகத் தேய்த்து மெருகேற்றியிருந்தது. யாரும் பார்க்காத அடிப்பக்கத்துக்கும் மெருகு.

என்னுடையதையும் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் நொடிக்கு ஐந்து துடிப்பு. ஒரு துடிப்புக்கு முள் ஒரு கோடு நகரும். ஆகவே ஒரு துடிப்பு என்பது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. என் கடிகாரத்தில் நிமிஷம் எண்ணும் சின்ன முள் மெல்ல ஊர்ந்து அடுத்த கோட்டுக்குப் போகும். ஐம்பத்தெட்டாம் நொடியில் பார்த்தால் எந்த நிமிஷம் என்று சந்தேகம் வரும். அவருடையதில் அறுபதாம் நொடியில் ஒரே தாவல். பன்னிரண்டுக்குத் திரும்பும்போது என் முள் ஒரு நடுக்கம் நடுங்கும், அவருடையது ஆணி அடித்தாற்போல் நிற்கும். பொத்தான் மட்டும் வேறு மாதிரி. என்னுடையது தாழ்ப்பாள்போல் டக்கென்று விழும். அவருடையது வெண்ணெயில் விரல் இறங்குகிற மாதிரி. மென்மையான பொத்தான் என்றால் தேய்ந்த பொத்தான் என்று என் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று நான்கு மணிக்கு இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். தினமும் அந்த நேரத்துக்குத் தந்தியில் நேரக் குறிப்பு வரும். ஸ்டேஷன் மாஸ்டர் நல்லவர், தந்திக் கருவியின் பக்கத்தில் நிற்கவிட்டார். இரண்டு கடிகாரங்களும் எத்தனை நொடி முன்னே பின்னே என்று குறித்துக்கொண்டோம். மறுநாளும் அதே நேரத்தில் பார்த்தால் ஒருநாள் நடை தெரிந்துவிடும்.

திரும்பி வரும்போதுதான் ஏழுமலை வழக்கைச் சொன்னார். அவர் ஊர் ஆம்பூரிலிருந்து மலைப்பக்கமாக மூன்று மைல். மாடு விடும் விழா என்றதும் காளையைப் பிடித்து அடக்குவது என்று சென்னைக்காரர்கள் நினைப்பார்கள். அது இல்லை. இரு பக்கமும் மூங்கில் கட்டிய நீளத் தெருவில் ஒவ்வொரு மாடாக அவிழ்த்து விடுவார்கள். தூரம் ஒரு பர்லாங், அறுநூற்று அறுபது அடி. குறைந்த நேரத்தில் ஓடிய மாட்டுக்குப் பரிசு. மாடு விடும் முனையில் ஒருவர் துண்டை வீசி இறக்குவார், அதே கணத்தில் பக்கத்தில் பறையில் ஓர் அடி விழும். ஏழுமலை மறுமுனையில், எல்லைக் கயிற்றின் பக்கத்தில் நிறுத்திய வண்டிமேல் நிற்பார்.

போன வருஷம் முதல் பரிசான பித்தளை அண்டா செவலை மாட்டுக்கு, பதினாறு நொடி ஒரு துடிப்பு. இரண்டாவது வந்தது மயிலை, பதினாறு நொடி மூன்று துடிப்பு. செவலை ஏழுமலையின் மனைவியின் அண்ணன் கன்னியப்பனுடையது. மயிலை முனிரத்தினத்துடையது. முனிரத்தினமும் அதே ஷாப்பில்தான், தோலைக் கட்டைமேல் போட்டுச் சவ்வு சுரண்டுகிறவர். ஏழுமலையின் மேஜைக்கும் அந்தக் கட்டைக்கும் பத்தடி. ஒரு வருஷமாகப் பேச்சில்லை. அதாவது நேராகப் பேச்சில்லை. முனிரத்தினம் பக்கத்திலிருப்பவனிடம் சொல்கிற மாதிரி, "மச்சான் மாடுன்னா தொர கடிகாரம் கொஞ்சம் நின்னு மூச்சு வாங்கிக்கினு ஓடும்பா" என்பாராம். ஷாப்பே சிரிக்குமாம். இந்த வருஷத் திருவிழா ஞாயிற்றுக்கிழமை. கடிகாரம் சரியென்று நிரூபணமாகாமல் அதைத் தொடுவதில்லை என்று ஏழுமலை ஊரில் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பரிசோதனை. திருவிழாவுக்கு முன் மாடுகளை இரண்டொரு தடவை ஓட்டிப் பழக்குவார்கள். அதைப் பயன்படுத்திக்கொண்டோம். வண்டிமேல் நானும் ஏழுமலையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம், அவரவர் கடிகாரத்தோடு. கீழே ஐம்பது அறுபது பேர். முனிரத்தினம் ஒரு மூங்கிலில் சாய்ந்து வேப்பங்குச்சி கடித்துக்கொண்டிருந்தார்.

ஆறு ஓட்டம். முதல் மாட்டுக்கு என் கடிகாரத்தில் பதினேழு நொடி ஒரு துடிப்பு, அவருடையதில் பதினாறு நொடி மூன்று துடிப்பு. இரண்டாவது மாட்டுக்கு எனக்குச் சரியாகப் பதினெட்டு நொடி, அவருக்குப் பதினேழு நொடி இரண்டு துடிப்பு. ஆறில் ஐந்து தடவை அவருடையது மூன்று துடிப்பு குறைவு, ஒரு தடவை நான்கு. இவ்வளவு ஒழுங்கான தவறு கைத்தவறாக இருக்க முடியாது. வண்டிமேலிருந்தே சத்தமாகச் சொன்னேன்: "கடிகாரம் பழுது. பொத்தானை அழுத்தினாலும் முள் தாமதமாகத்தான் கிளம்புகிறது. தேய்மானம்."

முனிரத்தினம் குச்சியைத் துப்பினார். "மெட்ராஸ்காரர் சொல்ட்டாரு. நான் சொன்னா மட்டும் குடிச்சிட்டுப் பேசறேன்னீங்க" என்றார், யாரையும் பார்க்காமல். ஏழுமலை வண்டியிலிருந்து இறங்கி, கடிகாரத்தைப் பையில் போட்டு, டின்னில் போட்டு, டின்னோடு என் கையில் கொடுத்தார். "எழுதின மாதிரி, எடுத்துக்குங்க சார். வெலய நீங்களே பாத்து லெட்டர் போடுங்க." தாமதம் எல்லா மாட்டுக்கும் ஒரே அளவுதானே, அப்படியானால் பரிசு மாறாதே என்று யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. என் கையில் இரட்டை முள் கடிகாரம் இருந்தது.

மாலை நான்கு மணிக்கு மறுபடி ஸ்டேஷன். தந்தி நேரத்தோடு பார்த்ததில், இருபத்துநாலு மணி நேரத்தில் என் கடிகாரம் நான்கு நொடி பின்வாங்கியிருந்தது. ஏழுமலையுடையது ஒன்றரை நொடி முந்தியிருந்தது. அதாவது நடையில் என்னுடையதைவிட நல்ல கடிகாரம். நடை வேறு, முள் கிளம்புவது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சென்னை வண்டி ஐந்து பத்துக்கு.

பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து, சும்மா இருக்க முடியாமல், இரண்டு கையிலும் இரண்டு கடிகாரத்தைப் பிடித்து இரண்டு கட்டைவிரலாலும் ஒரே சமயத்தில் அழுத்தினேன். இரண்டு முள்ளும் சேர்ந்து கிளம்பின. நிறுத்திப் பார்த்தேன், ஒரே கோடு. மறுபடி. ஒரே கோடு. பதினைந்து தடவை செய்தேன். வித்தியாசம் ஒரு துடிப்பைத் தாண்டவில்லை, பெரும்பாலும் அதுவும் இல்லை. பொத்தானில் தேய்மானமும் இல்லை, தாமதமும் இல்லை. இரண்டு நிமிஷ வேலை. யந்திரம் படித்தவன் முதலில் செய்திருக்க வேண்டிய சோதனை. நேற்றே முடிவை எழுதிவைத்துவிட்டதால் செய்யவில்லை.

அப்படியானால் அந்த மூன்று துடிப்பு எங்கிருந்து வந்தது? நாங்கள் நின்ற விதத்தை நினைத்துப் பார்த்தேன். நான் கண்ணைச் சுருக்கித் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழுமலை தலையைக் குனிந்து, விரலைப் பொத்தானில் வைத்து, காதைக் கொடுத்து நின்றார். நான் துண்டுக்கு அழுத்தினேன், அவர் பறைக்கு அழுத்தினார். ஒலி நொடிக்கு ஏறத்தாழ ஆயிரத்து நூற்று நாற்பது அடி போகும். அறுநூற்று அறுபது அடிக்கு அரை நொடிக்குச் சற்று மேல். துடிப்புக் கணக்கில் மூன்று.

கடிகாரம் சரி. பொய் சொன்னது நான்.

வண்டி ஐந்து பதினெட்டுக்கு வந்தது. டின் என் மடியில் இருந்தது. எனக்குத் தெரிந்த விஷயம் அந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது, தானாகத் தெரியவும் வழியில்லை. வண்டி நின்ற நான்கு நிமிஷமும் நான் எழுந்திருக்கவில்லை. பெரிய மனப் போராட்டம் என்று சொல்ல மாட்டேன். ஏறலாமா என்று ஒரு தடவை நினைத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். வண்டி போனதும் ஜட்கா பிடித்தேன். மூன்று மைலுக்கு ஆறு அணா. பேரம் பேசவில்லை.

ஏழுமலை வீட்டில் விளக்கேற்றுகிற நேரம். அவர் மனைவி செல்லம்மா முற்றத்தில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, ஒலியின் வேகத்தையும் அடிக்கணக்கையும் விளக்க ஆரம்பித்தேன். செல்லம்மா குறுக்கே வந்தார். "ஏரிக்கு அந்தாண்ட துணி தோய்க்கறப்ப, கல்லுல அடிச்சப்புறம்தான இந்தாண்ட சத்தம் கேக்குது? இதுக்கா சார் மெட்ராஸ்லேருந்து வந்தீங்க?" என் விளக்கம் அதோடு முடிந்தது.

ஏழுமலை டின்னைத் திறந்து கடிகாரத்தை எடுத்து வேட்டியில் துடைத்தார். முகம் நன்றாகவே மலர்ந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் இன்னொரு கேள்வி கேட்டேன்: போன வருஷம் துண்டுக்கு அழுத்தினீர்களா, பறைக்கா?

அவர் உள்ளே போய்ப் போன வருஷ நோட்டை எடுத்து வந்தார். மாடு வந்த வரிசையில் நேரம் எழுதியிருந்தது. நாலாவது மயிலை. முப்பத்தொன்றாவது செவலை. நடுவில், பத்தொன்பதாவது மாட்டுக்கு நேராக, அவர் கையெழுத்திலேயே ஒரு வார்த்தை: தூசி.

காலையில் தெரு ஈரமாக இருக்கும், துண்டு தெரியும். பதினெட்டு மாடு ஓடியதும் புழுதி கிளம்பி எதுவும் தெரியவில்லை. தண்ணீர் தெளிக்கச் சொன்னார், தெளிக்கவில்லை. அதனால் பறையைக் கேட்டு அழுத்த ஆரம்பித்தார். துண்டும் அடியும் ஒரே கணத்தில் விழுவதை அவரே பல தடவை பக்கத்தில் நின்று பார்த்தவர். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தார். பழக்கமாகிவிட்டதால் பரிசோதனையன்றும் காதையே நம்பினார். புழுதிக்குப் பிறகு ஓடிய மாடுகளுக்கெல்லாம் மூன்று துடிப்பு சலுகை. செவலையின் பதினாறு நொடி ஒரு துடிப்போடு மூன்றைக் கூட்டினால் பதினாறு நொடி நாலு துடிப்பு. மயிலைக்குப் பதினாறு நொடி மூன்று.

"போன வருஷம் ஜெயித்தது மயிலை" என்றேன். உடனே நியாயத்துக்கு இன்னொன்றும் சொன்னேன். ஒரு துடிப்பு வித்தியாசம் மனுஷனின் கட்டைவிரல் தவறுக்குள் அடங்கிவிடும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

ஏழுமலை நோட்டை மூடினார். "ரெண்டு துடிப்புக்கு அண்டாவத் தூக்கிக் குடுத்தோம் சார். அப்ப யாரும் கட்டவெரலப் பத்திப் பேசல."

செல்லம்மா சுள்ளியைக் கீழே வைத்தார். "கடிகாரம் சரின்னு ஆயிடுச்சில்ல. அத்தோட வுடேன். எங்க அண்ணங்கிட்ட யாரு போய்ச் சொல்றது?"

"நான்தான்."

"அப்பறம் அவரு இந்த ஊட்டு வாசப்படி மிதிப்பாரா?"

ஏழுமலை கடிகாரத்தைப் பையில் போட்டு டின்னை மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "முனிரத்தினம் ஒரு வருஷமா என்னைப் பொய்யன்னான். நான் பொய்யன் இல்லன்னு நாளைக்குச் சொல்லணும்னா, அவன் மாடு ஜெயிச்சதையும் சொல்லித்தான் ஆவணும். பாதிய மட்டும் சொன்னா அப்பதான் நான் பொய்யன்." செல்லம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு இரவுச் சாப்பாடு போட்டார், ஆனால் பேசவில்லை. கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, முதல் மாட்டை அவிழ்ப்பதற்கு முன், ஏழுமலை வண்டிமேல் ஏறினார். முதலில் நான் பேசினேன். நேற்று நான் சொன்னது தவறு, கடிகாரம் சரி, என்னுடையதைவிட நல்லது. மூன்று வாக்கியம், இறங்கிவிட்டேன். பிறகு அவர் பேசினார். ஏரியில் துணி துவைக்கிற உதாரணத்தையே சொன்னார், எல்லோருக்கும் புரிந்தது. நோட்டைத் திறந்து மயிலை, செவலை, தூசி மூன்றையும் படித்தார். "கடிகாரம் பொய் சொல்லல. நானும் வேணும்னு சொல்லல. ஆனா சொன்னது தப்பு. அண்டா மயிலைக்குச் சேரணும்."

கன்னியப்பன் செவலையின் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். பெரிய உருவம். அடிதடி வரும் என்று எதிர்பார்த்து நான் வண்டியின் மறுபக்கம் நகர்ந்தேன். அவர் சொன்னது இதுதான்: "அண்டா போனா போவுது மாப்ள. ஊரே பாக்க மாட்டுக்கு மாலை போட்டுட்டீங்களே, அத்த எப்டிக் கழட்டறது?" கன்னியப்பன் மாட்டைத் திருப்பிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனார். அன்று முழுக்கத் தங்கை வீட்டுக்காரரிடம் அவர் வேறு வார்த்தை பேசவில்லை.

எல்லோரும் முனிரத்தினத்தைப் பார்த்தார்கள். அவர் வேப்பங்குச்சியை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினார். ஒரு வருஷத்துக்குப் பிறகு நேராக ஏழுமலையிடம் பேசினார்: "துண்டும் பறையும் ஒண்ணுன்னுதான் நானும் நெனச்சிக்கினு இருந்தேன். இன்னா பண்றது. இந்த வருஷமும் நீயே புடி."

"பறைய வெச்சிப் புடிக்கறேன். மொத மாட்லேருந்து கடைசி வரைக்கும்."

"அப்ப கண்ண மூடிக்கினு புடி" என்றார் முனிரத்தினம்.

கூட்டம் சிரித்தது. ஆனால் ஏழுமலை அதை அப்படியே எடுத்துக்கொண்டார். பறை விழும் வரை கண்ணை மூடி நின்றார், அடி கேட்டதும் அழுத்தி, பிறகுதான் திறந்தார். முப்பத்தெட்டு மாட்டுக்கும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் முனிரத்தினம் வண்டிக்குக் கீழே நின்று கண் மூடியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டார். முதல் பரிசு கலவை ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வெள்ளை மாட்டுக்கு, பதினாறு நொடி சரியாக. செவலை மூன்றாவது. மயிலை ஆறாவது. முனிரத்தினம் மாட்டைத் திட்டினார், கடிகாரத்தைத் திட்டவில்லை.

நான் திங்கட்கிழமை காலை வண்டிக்குப் புறப்பட்டேன். போகிற வழியில் முனிரத்தினத்தின் வீட்டு வாசலில் ஒரு பெரிய பித்தளை அண்டா கவிழ்த்து வைத்திருந்தது. கன்னியப்பனே தலையில் தூக்கிவந்து வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார் என்று ஜட்காக்காரன் சொன்னான்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. மாடு விடும் விழா தையிலிருந்து மாசி வரை ஊருக்கு ஒரு நாள் நடக்கும், தேதியை முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆம்பூரில் தங்க, ஸ்டேஷனுக்கு எதிரே சத்திரம், நாளுக்கு நாலு அணா. கொசு உண்டு. ஸ்டேஷன் ரோட்டில் பாய் கடைப் பிரியாணி நாலு அணா, பதினொன்றரைக்கெல்லாம் தீர்ந்துவிடும். வெள்ளிக் கடிகாரம் கொண்டுபோகிறவர்கள் மெழுகுத் தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் மூன்றே நாளில் மூடி கறுக்கும். என்னுடையதும் கறுத்துவிட்டது. சில ஷாப்புகளில் இப்போது டைனமோ வைத்திருக்கிறார்கள், கடிகாரத்தோடு அதன் பக்கத்தில் போகாதீர்கள், காந்தம் ஏறிவிடும். இரண்டு குரோனோகிராப்களை ஒப்பிடும்போது முதலில் இரண்டையும் ஒருவரே இரண்டு கையில் பிடித்து அழுத்திப் பாருங்கள். அதற்குப் பிறகு வாயைத் திறக்கலாம். மென்மையான பொத்தான் தேய்ந்த பொத்தான் அல்ல, நல்ல பொத்தான். நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டேன்.

கைக்கு அடக்கமாக இரண்டு பொத்தான் வைத்த கைக்கடிகாரங்கள் இப்போது சென்னைக் கடைகளில் வந்திருக்கின்றன. அவற்றைப் பற்றித் தனியாகக் கேட்டு எழுதுகிறவர்களுக்குப் பதில் போடுகிறேன். ஆம்பூர் இரட்டை முள் கடிகாரத்தை விலைக்குக் கேட்கலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். கேட்க வேண்டாம். திங்கட்கிழமை காலை ஏழுமலை ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தபோது நான் கேட்டுவிட்டேன், இப்போது என்னிடமுள்ள மூன்றையும் சேர்த்துத் தருவதாகச் சொல்லி.

"பொய் சொன்னா எடுத்துக்கினு போங்கன்னுதான சார் எழுதினேன்?" என்றார் ஏழுமலை.